காமன் சோர்ஸ் பெருக்கி சரியாக வேலை செய்யாதபோது: அறிகுறியிலிருந்து பிழையைத் தேடும் முறை

பெருக்கியின் வெளியீட்டில் எதிர்பார்த்த அலை வரவில்லை என்றால் பெரும்பாலான மாணவர்கள் முதலில் ஆசிலோஸ்கோப்பின் குமிழ்களைத் திருப்புகிறார்கள், அடுத்து டிரான்சிஸ்டரைப் பிடுங்கி வேறொன்றைச் செருகுகிறார்கள். இரண்டுமே நேரத்தை வீணாக்கும் வழிகள். காமன் சோர்ஸ் பெருக்கியில், அதாவது கேட், டிரெயின், சோர்ஸ் என்ற மூன்று கால்கள் கொண்ட டிரான்சிஸ்டரின் கேட்டில் சிக்னலைக் கொடுத்து டிரெயினில் எடுக்கும் சுற்றில், ஏற்படும் பிழைகளில் பெரும்பகுதி டி.சி. மின்னழுத்தங்களிலேயே தெரிந்துவிடும். ஒரு மல்டிமீட்டரும், அந்த மின்னழுத்தங்கள் எவ்வளவு இருந்திருக்க வேண்டும் என்ற கணக்கும் கையில் இருந்தால், சிக்னல் ஜெனரேட்டரை இணைப்பதற்கு முன்பே குற்றம் எங்கே இருக்கிறது என்று சொல்லிவிடலாம். இந்தக் கட்டுரை அந்த வரிசையிலேயே செல்கிறது.

எடுத்துக்காட்டாக ஒரே ஒரு சுற்றை வைத்துக்கொள்வோம். நம் ஊர்ப் பொறியியல் கல்லூரி ஆய்வகங்களில் ஜேஃபெட் (டிரெயினிலிருந்து சோர்ஸுக்குப் பாயும் மின்னோட்டத்தைக் கேட் மின்னழுத்தத்தால் கட்டுப்படுத்தும் டிரான்சிஸ்டர்) என்றதும் கையில் கொடுக்கப்படுவது பெரும்பாலும் பிஎஃப்டபிள்யூ10 என்னும் உலோக உறையிட்ட நான்கு கால் டிரான்சிஸ்டர்தான். கேட்டும் சோர்ஸும் ஒரே மின்னழுத்தத்தில் இருக்கும்போது பாயும் மின்னோட்டம், அதாவது ஐடிஎஸ்எஸ், 10 மில்லியாம்பியராகவும், மின்னோட்டம் நின்றுபோகும் பிஞ்ச்-ஆஃப் மின்னழுத்தம் மைனஸ் 4 வோல்ட்டாகவும் உள்ள ஒரு பிஎஃப்டபிள்யூ10 நம்மிடம் இருக்கிறது என்று கொள்வோம். மின்வழங்கி 15 வோல்ட். டிரெயினில் 2.2 கிலோஓம், சோர்ஸில் 820 ஓம், கேட்டிலிருந்து கிரவுண்டுக்கு 1 மெகாஓம், சோர்ஸ் மின்தடைக்கு இணையாக 100 மைக்ரோஃபாரட், உள்ளீட்டில் 0.1 மைக்ரோஃபாரட் பாலியெஸ்டர், வெளியீட்டில் 10 மைக்ரோஃபாரட், அதற்கப்பால் 10 கிலோஓம் சுமை.

மின்னோட்டம் ஐடிஎஸ்எஸ்ஸில் கால் பங்காக, அதாவது 2.5 மில்லியாம்பியராக இருக்கும்படி இந்தச் சுற்று அமைக்கப்பட்டிருக்கிறது. ஜேஃபெட்டின் இருபடி விதிப்படி மின்னோட்டம் கால் பங்காகும்போது கேட்-சோர்ஸ் மின்னழுத்தம் பிஞ்ச்-ஆஃப் மதிப்பில் சரிபாதியாக, மைனஸ் 2 வோல்ட்டாக இருக்கும். 820 ஓம் மின்தடையின் மீது 2.5 மில்லியாம்பியர் பாய்ந்தால் கிடைப்பதும் ஏறத்தாழ 2 வோல்ட்தான். ஆகவே நலமாக இருக்கும் சுற்றில், கிரவுண்டிலிருந்து அளந்தால், கேட் 0 வோல்ட், சோர்ஸ் 2 வோல்ட், டிரெயின் 9.5 வோல்ட் காட்ட வேண்டும். இந்த மூன்று எண்களையும் தாளின் மேல் ஓரத்தில் எழுதி வைத்துவிட்டுத்தான் மீட்டரைக் கையில் எடுக்க வேண்டும்.

அளக்கும் முறையிலும் ஒரு கவனம் தேவை. மீட்டரின் ஒரு முனையைக் கேட்டிலும் மறுமுனையை சோர்ஸிலும் வைத்து அளக்கக் கூடாது. டிஜிட்டல் மீட்டரின் உள்மின்தடை பொதுவாக 10 மெகாஓம். அது 1 மெகாஓம் கேட் மின்தடையோடு சேர்ந்து ஒரு பகுப்பியாகிவிடுவதால், காட்டும் மதிப்பு சுமார் 9 சதவீதம் குறைந்துவிடும். பழைய ஊசி மீட்டராக இருந்தால் பிழை இன்னும் மோசமாகும்: ஒரு வோல்ட்டுக்கு 20 கிலோஓம் என்று குறித்த மீட்டர் 10 வோல்ட் அளவெல்லையில் வெறும் 200 கிலோஓம்தான். மூன்று கால்களையும் தனித்தனியே கிரவுண்டிலிருந்து அளந்து, பின்பு கழித்துக்கொள்வதே சரி.

அறிகுறி: டிரெயினில் முழு 15 வோல்ட் நிற்கிறது

டிரெயின் மின்தடையில் மின்னழுத்தம் சிறிதும் குறையவில்லை என்றால் மின்னோட்டமே பாயவில்லை என்று பொருள். ஏன் பாயவில்லை என்பதை சோர்ஸ் சொல்லும்.

சோர்ஸும் 0 வோல்ட் காட்டினால், டிரெயினிலிருந்து சோர்ஸுக்கு வழியே இல்லை. டிரான்சிஸ்டரின் கால் பிரெட்போர்டின் துளையில் சரியாக இறங்காமல் இருக்கலாம், அல்லது டிரான்சிஸ்டர் எரிந்திருக்கலாம். சுற்றிலிருந்து எடுத்து மீட்டரின் டையோடு நிலையில் சோதித்தால் கேட்டிலிருந்து சோர்ஸுக்கும் கேட்டிலிருந்து டிரெயினுக்கும் 0.6 முதல் 0.7 வோல்ட் வரை காட்ட வேண்டும். டிரெயினுக்கும் சோர்ஸுக்கும் இடையே, எந்தப் பக்கம் வைத்தாலும், சில நூறு ஓம் காட்ட வேண்டும். நம் எடுத்துக்காட்டு டிரான்சிஸ்டருக்கு அது சுமார் 200 ஓம்.

டிரெயின் 15 வோல்ட்டாக இருக்க, சோர்ஸ் 4 வோல்ட்டுக்குச் சற்றுக் குறைவாகக் காட்டினால் அது மிகவும் அழகான தடயம். 820 ஓம் மின்தடை கிரவுண்டைத் தொடவில்லை என்பதே அதன் பொருள். நீங்கள் மீட்டரை வைத்த கணத்தில் அதன் 10 மெகாஓம் உள்மின்தடையே சோர்ஸ் மின்தடையாகிவிடுகிறது. அதன் வழியே அரை மைக்ரோஆம்பியருக்கும் குறைவாகவே பாய முடியும் என்பதால், சோர்ஸ் மேலே ஏறி ஏறி டிரான்சிஸ்டர் கிட்டத்தட்ட அணைந்துபோகும் இடத்தில், அதாவது பிஞ்ச்-ஆஃப் மதிப்பின் அருகில் போய் நிற்கிறது. இங்கே தற்செயலாக நிகழும் இதுவே பிஞ்ச்-ஆஃப் மின்னழுத்தத்தை வேண்டுமென்றே அளக்கும் எளிய வழியும் ஆகும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சற்று நேரத்தில் அது தேவைப்படும்.

நீளமான பிரெட்போர்டுகள் பலவற்றில் மின்வழங்கிக் கோடு நடுவில் துண்டிக்கப்பட்டிருக்கும். ஓரத்தில் வரைந்திருக்கும் சிவப்பு, நீலக் கோடுகள் நடுவில் விட்டுப்போயிருந்தால் உள்ளே உலோகமும் விட்டுப்போயிருக்கிறது என்று பொருள். இடப் பாதியில் கிரவுண்டைக் கொடுத்துவிட்டு வலப் பாதியில் சோர்ஸ் மின்தடையைச் செருகியவர்களுக்கு மேலே சொன்ன 4 வோல்ட் தவறாமல் கிடைக்கும்.

அறிகுறி: டிரெயின் மிகவும் கீழே இறங்கிவிட்டது

இதற்குக் காரணங்கள் பல. ஆனால் ஒவ்வொன்றும் வேறு வேறு எண்களை விட்டுச்செல்கிறது.

சோர்ஸ் 0 வோல்ட், டிரெயின் 1.5 வோல்ட் அளவில் இருந்தால், சோர்ஸ் மின்தடை ஏதோ ஒன்றால் குறுக்கிணைக்கப்பட்டிருக்கிறது. முதலில் சந்தேகிக்க வேண்டியது 100 மைக்ரோஃபாரட் மின்தேக்கியைத்தான். அது உள்ளே குறுக்கிணைந்திருக்கலாம், அல்லது அதன் இரு கால்களும் பிரெட்போர்டின் ஒரே வரிசையில் இறங்கியிருக்கலாம். அதைக் கழற்றியதும் சோர்ஸ் 2 வோல்ட்டுக்கு ஏறினால் வழக்கு முடிந்தது.

கேட்டில் 0 வோல்ட்டுக்குப் பதிலாக 4 வோல்ட்டை ஒட்டி ஏதாவது காட்டி, டிரெயின் சோர்ஸைவிடச் சரியாக ஒரு டையோடு அளவுக்கு, அதாவது 0.7 வோல்ட் மட்டும் உயரமாக இருந்தால், கேட் காலும் டிரெயின் காலும் இடம் மாறியிருக்கின்றன. கேட் சந்தி நேர்ச்சார்பு பெற்றுச் சாதாரண டையோடாகக் கடத்திக்கொண்டிருக்கிறது. 2.2 கிலோஓம் மின்தடை மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தியிருப்பதால் டிரான்சிஸ்டர் பெரும்பாலும் பிழைத்திருக்கும். காலை மாற்றிச் செருகிப் பார்க்கலாம். டிரெயினும் சோர்ஸும் இடம் மாறினால் சமச்சீராகக் கட்டப்பட்ட ஜேஃபெட்களில் ஒன்றும் ஆகாது. மாஸ்ஃபெட் (கேட் காப்பிடப்பட்ட வகை டிரான்சிஸ்டர்) கொண்டு இதே சுற்றை அமைப்பவர்களுக்கு அந்தச் சலுகை இல்லை: 2என்7000 டிரான்சிஸ்டருக்கும் பிஎஸ்170 டிரான்சிஸ்டருக்கும் டிரெயினும் சோர்ஸும் எதிரெதிர்ப் பக்கங்களில் இருப்பதால், ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை அப்படியே செருகினால் உள்ளிருக்கும் டையோடு கடத்தத் தொடங்கிவிடும், பெருக்கம் இருக்காது.

கேட்டில் சில நூறு மில்லிவோல்ட், அல்லது ஒரு வோல்ட் காட்டுகிறது என்றால் உள்ளீட்டு மின்தேக்கியைப் பாருங்கள். ஆரோக்கியமான ஜேஃபெட்டின் கேட் கசிவு அறை வெப்பத்தில் நானோஆம்பியருக்கும் கீழே. 1 மெகாஓம் மீது அது மீட்டரில் தெரியவே தெரியாது. ஆனால் உள்ளீட்டில் எலக்ட்ரோலிட்டிக் மின்தேக்கியை வைத்து, அதன் முந்தைய கட்டத்திலிருந்து வெறும் 1 மைக்ரோஆம்பியர் கசிந்தால்கூட 1 மெகாஓம் மீது முழு 1 வோல்ட் எழும்பி, நாம் கணக்கிட்டு வைத்த சார்பு (பயஸ், அதாவது சிக்னல் இல்லாதபோது நிற்க வேண்டிய டி.சி. நிலை) முழுவதையும் கலைத்துவிடும். இந்த இடத்தில் எலக்ட்ரோலிட்டிக் வைப்பதற்கு எந்த நியாயமும் இல்லை. 0.1 மைக்ரோஃபாரட்டும் 1 மெகாஓமும் சேர்ந்தாலே வெட்டு அதிர்வெண், அதாவது பெருக்கம் விழத் தொடங்கும் இடம், 1.6 ஹெர்ட்ஸ், ஒலிக்கு அது தேவைக்கும் அதிகம்.

கேட் மின்தடையே இல்லாமல் போயிருந்தால் அறிகுறி நிலையாக இருக்காது. கேட் மிதக்கிறது, டிரெயினிலிருந்து வரும் மிகச் சிறிய கசிவு அதை மெல்ல மேலே இழுக்கிறது. சோர்ஸ் 3.8 வோல்ட், டிரெயின் 4.8 வோல்ட் என்ற இடத்தை நோக்கி எண்கள் நகர்ந்துகொண்டே போகும்; கையை அருகில் கொண்டுபோனால் மாறும். இங்கே கேட்டை மீட்டரால் தொட்டால் அந்த 10 மெகாஓமே கேட் மின்தடையாகி நோயை மறைத்துவிடும் என்பதால், மீட்டரை சோர்ஸிலேயே வைத்துக்கொண்டு, வேறொரு 1 மெகாஓம் மின்தடையைக் கேட்டுக்கும் கிரவுண்டுக்கும் இடையே தொட்டுப் பாருங்கள். சோர்ஸ் 2 வோல்ட்டுக்கு இறங்கினால் விடை கிடைத்துவிட்டது.

அறிகுறி: பக்கத்து மேசையில் வேலை செய்யும் அதே சுற்று இங்கே வேலை செய்யவில்லை

இந்த அறிகுறியில் சற்று நிதானமாக நிற்க விரும்புகிறேன், ஏனென்றால் பிழை இணைப்பில் இல்லாமல் வடிவமைப்பிலேயே இருப்பது இங்கேதான். பிஎஃப்டபிள்யூ10-இன் டேட்டாஷீட்டைப் பார்த்தால் ஐடிஎஸ்எஸ் 8 முதல் 20 மில்லியாம்பியர் வரை எதுவாகவும் இருக்கலாம் என்றும், பிஞ்ச்-ஆஃப் அதிகபட்சம் 8 வோல்ட் என்றும் இருக்கும். ஒரே பெட்டியிலிருந்து எடுத்த இரண்டு டிரான்சிஸ்டர்கள் இவ்வளவு வேறுபடலாம் என்பதை ஏட்டளவில் அறிந்தவர்கள்கூட, சுற்று அமைக்கும்போது ஒரே ஒரு எண்ணைக் கொண்டு கணக்குப் போட்டுவிடுகிறார்கள்.

இப்போது நம் சுற்றில் 20 மில்லியாம்பியர், 8 வோல்ட் கொண்ட ஒரு டிரான்சிஸ்டரைச் செருகினால் என்ன ஆகும் என்று பார்ப்போம். சோர்ஸ் சுமார் 3.5 வோல்ட்டுக்கு ஏறும். டிரெயின் சுமார் 5.5 வோல்ட்டுக்கு இறங்கும். டிரெயினை மட்டும் பார்ப்பவர், 15 வோல்ட் மின்வழங்கியில் 5.5 வோல்ட் என்பது மோசமில்லை என்று கடந்துபோவார். ஆனால் டிரெயினுக்கும் சோர்ஸுக்கும் இடையே இருப்பது 2 வோல்ட்தான். இந்த டிரான்சிஸ்டர் பெருக்கியாக நடந்துகொள்ள வேண்டுமானால், கேட்-சோர்ஸ் மின்னழுத்தம் பிஞ்ச்-ஆஃபிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறதோ அவ்வளவாவது டிரெயின்-சோர்ஸ் மின்னழுத்தம் இருக்க வேண்டும். இங்கே அந்த விலகல் 8 கழித்தல் 3.5, அதாவது 4.5 வோல்ட். 2 வோல்ட் அதற்குப் போதாது. டிரான்சிஸ்டர் மின்தடையைப் போல நடந்துகொள்ளும் ஓம் பகுதிக்குள் விழுந்துவிட்டது. பெருக்கம் சுருங்கும், அலையும் கோணும், ஆனால் ஒரு இணைப்பில்கூடத் தவறு இருக்காது.

ஆகவே வடிவமைப்பதற்கு முன்பே கையிலிருக்கும் டிரான்சிஸ்டரை அளந்துவிடுங்கள். கேட்டையும் சோர்ஸையும் கிரவுண்டில் சேர்த்து, டிரெயினுக்கு 10 வோல்ட் கொடுத்து, இடையில் மில்லியாம்பியர் மீட்டரை வைத்தால் ஐடிஎஸ்எஸ் தெரியும். 20 மில்லியாம்பியர் பாய்ந்தால் 200 மில்லிவாட் வெப்பம் எழும். சூடேறச் சூடேற மின்னோட்டம் குறையும் என்பதால் முதல் சில வினாடிகளிலேயே குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு சோர்ஸை கிரவுண்டிலிருந்து எடுத்து, வோல்ட்மீட்டரை மட்டும் இடையில் வைத்தால், முன்பு சொன்னபடி, பிஞ்ச்-ஆஃப் மின்னழுத்தம் கிடைத்துவிடும். ஐந்து நிமிட வேலை. சோர்ஸ் மின்தடை எவ்வளவு என்பதைப் பாடநூல் எடுத்துக்காட்டிலிருந்து எடுக்காமல், இந்த இரண்டு எண்களிலிருந்து எடுக்க வேண்டும்: பிஞ்ச்-ஆஃபில் பாதியை ஐடிஎஸ்எஸ்ஸில் கால் பங்கால் வகுத்தால் போதும்.

அறிகுறி: டி.சி. எல்லாம் சரி, ஆனால் பெருக்கம் போதவில்லை

முதலில் எவ்வளவு பெருக்கம் நியாயம் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். கேட் மின்னழுத்தம் ஒரு வோல்ட் மாறினால் டிரெயின் மின்னோட்டம் எத்தனை மில்லியாம்பியர் மாறும் என்பதுதான் ஜிஎம். நம் சுற்றில் அது வோல்ட்டுக்கு 2.5 மில்லியாம்பியர். அதை 2.2 கிலோஓமால் பெருக்கினால் 5.5. டிரான்சிஸ்டரின் சொந்த வெளியீட்டு மின்தடையும் இதில் சிறிது தின்றுவிடும் என்பதால் 5 வந்தாலே சுற்று நலம். 10 கிலோஓம் சுமையைச் சேர்த்தால் 2.2 கிலோஓம் 1.8 ஆகக் குறைந்து, பெருக்கம் 4.5-ஐத் தாண்டாது. பைபோலார் டிரான்சிஸ்டர் கொண்ட காமன் எமிட்டர் பெருக்கியில் 100, 150 என்று பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது பிழையாகத் தோன்றும். அப்படித் தோன்றித்தான் பலர் நன்றாக இருக்கும் சுற்றைக் கலைக்கிறார்கள். அதே 2.5 மில்லியாம்பியரில் ஒரு பைபோலார் டிரான்சிஸ்டரின் ஜிஎம் வோல்ட்டுக்கு ஏறத்தாழ 100 மில்லியாம்பியர், அதாவது நாற்பது மடங்கு. ஜேஃபெட்டை நாம் தேர்ந்தெடுப்பது பெருக்கத்துக்காக அல்ல, உள்ளீட்டு மின்தடைக்காக.

அளந்த பெருக்கம் 1.8 அளவில் இருந்தால் அது உண்மையான பிழை. சோர்ஸ் மின்தேக்கி வேலை செய்யவில்லை. 5.5 என்பதை, 1 கூட்டல் 2.5 பெருக்கல் 0.82, அதாவது 3.05 என்பதால் வகுத்தால் வருவது அந்த 1.8. டி.சி. அளவீடு எதிலும் இந்தப் பிழை தெரியாது, ஏனெனில் மின்தேக்கி இருந்தாலும் இல்லாவிட்டாலும் சோர்ஸ் 2 வோல்ட்டில்தான் நிற்கும். ஒருமுறை இதே அறிகுறியோடு ஒரு மாலை முழுவதும் மின்வழங்கியையும் டிரான்சிஸ்டரையும் மாற்றிக்கொண்டிருந்தேன். மின்தேக்கியின் நேர்முனை சோர்ஸ் வரிசைக்கு அடுத்த வரிசையில் இறங்கியிருந்தது. அன்றிலிருந்து ஆசிலோஸ்கோப்பை முதலில் சோர்ஸில் வைத்துப் பார்க்கிறேன். மின்தேக்கி வேலை செய்தால் சோர்ஸில் அலை இருக்கக் கூடாது. அங்கே உள்ளீட்டைப் போன்ற அலை தெரிந்தால் வேறெங்கும் தேட வேண்டாம்.

பெருக்கம் கணக்கைவிடச் சரியாக இரண்டு மடங்கு வந்தால், மகிழ்ச்சி அடைவதற்கு முன் ஃபங்ஷன் ஜெனரேட்டரைப் பாருங்கள். பல ஜெனரேட்டர்களின் திரையில் தெரியும் அளவு, வெளியே 50 ஓம் சுமை இருக்கிறது என்ற எண்ணத்தில் எழுதப்பட்டது. நம் பெருக்கியின் உள்ளீடு 1 மெகாஓம் என்பதால் உண்மையில் வெளிவருவது அதைப்போல் இரு மடங்கு. உள்ளீட்டையும் ஆசிலோஸ்கோப்பிலேயே அளந்து வகுப்பதுதான் முறை. பத்து மடங்கு கூடினாலோ குறைந்தாலோ புரோபின் ஒரு மடங்கு, பத்து மடங்கு மாற்றியும் திரையின் அமைப்பும் ஒத்துப்போகவில்லை.

அறிகுறி: அலை கோணலாக வருகிறது

இரண்டு வகைக் கோணலைப் பிரித்தறிய வேண்டும். மேலோ கீழோ தட்டையாக வெட்டப்பட்டிருந்தால் அது இடம் போதாமை. நம் சுற்றில் டிரெயின் கீழே 4 வோல்ட் வரை இறங்கலாம். அதற்குக் கீழே ஓம் பகுதி தொடங்கிவிடும். மேலே, 10 கிலோஓம் சுமை இருக்கும்போது, 4.5 வோல்ட்தான் ஏற முடியும். மேல் பக்கம் முன்னதாகவே வெட்டினால் மின்னோட்டம் குறைவு, கீழ்ப் பக்கம் முன்னதாகவே வெட்டினால் மின்னோட்டம் அதிகம் அல்லது டிரெயின் மின்தடை பெரிது.

வெட்டு எதுவும் இல்லாமல் ஒரு பாதி கூராகவும் மறுபாதி உருண்டும் இருந்தால், அது சார்புப் பிழை அல்ல. இருபடி விதியின் இயல்பு. இரண்டாம் ஹார்மோனிக்கின் (உள்ளீட்டைப்போல் இரு மடங்கு அதிர்வெண்ணில் கூடுதலாகக் கலக்கும் அலையின்) பங்கு, உள்ளீட்டு உச்ச மின்னழுத்தத்தை, கேட் பிஞ்ச்-ஆஃபிலிருந்து விலகி நிற்கும் அளவைப்போல் நான்கு மடங்கால் வகுத்தால் கிடைக்கும். விலகல் 2 வோல்ட்டாக இருக்கும்போது 0.2 வோல்ட் உள்ளீட்டுக்கு 2.5 சதவீதம், 1 வோல்ட் உள்ளீட்டுக்கு 12.5 சதவீதம். சோர்ஸ் மின்தடையில் ஒரு பகுதியை, சுமார் 220 ஓம் அளவுக்கு, மின்தேக்கிக்கு வெளியே விட்டுவைத்தால் பெருக்கம் 5.5-லிருந்து 3.5-க்குக் குறையும், கோணலும் கூடவே குறையும். அந்தப் பரிமாற்றம் பெரும்பாலும் இலாபமானது என்பது என் கருத்து.

அறிகுறி: தாழ்ந்த சுரத்திலோ உயர்ந்த சுரத்திலோ பெருக்கம் விழுகிறது

தாழ்ந்த அதிர்வெண்ணில் விழுந்தால் சோர்ஸ் மின்தேக்கியைக் கேளுங்கள். அது எதிர்கொள்ளும் மின்தடை 820 ஓம் மட்டும் அல்ல. டிரான்சிஸ்டர் சோர்ஸிலிருந்து பார்க்கும்போது காட்டும் 400 ஓமும் அதற்கு இணையாக நிற்கிறது. இரண்டும் சேர்ந்து 270 ஓம். 1 மைக்ரோஃபாரட் வைத்தவருக்கு 590 ஹெர்ட்ஸிலேயே பெருக்கம் இறங்கத் தொடங்கி, 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே 1.8 என்ற படியில் போய் நிற்கும். முழுவதும் மறையாமல் இப்படிப் படியில் நிற்பதுதான் இந்த மின்தேக்கியின் கையெழுத்து. இணைப்பு மின்தேக்கிகள் சிறிதாக இருந்தால் பெருக்கம் நிற்காமல் விழுந்துகொண்டே போகும். 100 மைக்ரோஃபாரட்டுக்கு வெட்டு 6 ஹெர்ட்ஸ்.

உயர்ந்த அதிர்வெண்ணில் விழுவதற்குக் காரணம் டிரெயினுக்கும் கேட்டுக்கும் இடையிலுள்ள சிறு மின்தேக்கம், பெருக்கத்தால் பெருகித் தெரிவதே. பிரெட்போர்டின் அடுத்தடுத்த வரிசைகளும் சேர்ந்து அங்கே 3 பிக்கோஃபாரட் இருந்தால், உள்ளீட்டுக்கு அது 20 பிக்கோஃபாரடாகத் தெரியும்; மற்றவை சேர்ந்து மொத்தம் 30 என்று கொள்ளலாம். ஜெனரேட்டரின் 50 ஓமுக்கு இது ஒன்றுமே இல்லை. ஆனால் 100 கிலோஓம் உள்மின்தடையுள்ள உணரியை இணைத்தால் வெட்டு 53 கிலோஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். கேட் வரிசையையும் டிரெயின் வரிசையையும் அடுத்தடுத்து வைக்காமல், இடையில் ஒரு வரிசையைக் கிரவுண்டுக்கு இணைத்தால் கணிசமாகத் தேறும். அளக்கும்போது புரோபைப் பத்து மடங்கு நிலையில் வைக்க வேண்டும். ஒரு மடங்கு நிலையில் அது தானே 100 பிக்கோஃபாரட் அளவுக்குச் சுமையாகி, இல்லாத நோயைக் காட்டும்.

அறிகுறி: அலையோடு இரைச்சல் கலந்து வருகிறது

திரையின் நேர அளவை 20 மில்லிவினாடிக்கு வைத்துப் பாருங்கள். இரைச்சல் அந்த இடைவெளியில் ஒருமுறை திரும்பத் திரும்ப வந்தால் அது 50 ஹெர்ட்ஸ் மின்கம்பி ஓசை; 1 மெகாஓம் கேட் அதை ஆன்டெனாவைப் போல வாங்கிக்கொள்கிறது. உள்ளீட்டுக் கம்பியைக் குறுக்கி, உறையிட்ட கேபிளாக மாற்றி, பிஎஃப்டபிள்யூ10-இன் நான்காம் காலை கிரவுண்டில் சேர்க்க வேண்டும். அந்தக் கால் உலோக உறையோடு இணைந்தது. பயன் தெரியாமல் பலர் அதை அந்தரத்தில் விட்டுவிடுகிறார்கள். 100 ஹெர்ட்ஸாக இருந்தால் மின்வழங்கியின் வடிகட்டலைப் பாருங்கள், ஏனெனில் இந்தச் சுற்றில் மின்வழங்கியில் உள்ள அலைவு 2.2 கிலோஓம் வழியே ஏறத்தாழ அப்படியே டிரெயினுக்கு வந்துவிடும். 220 ஓமும் 470 மைக்ரோஃபாரட்டும் கொண்ட ஒரு வடிகட்டியை மின்வழங்கிக்கும் டிரெயின் மின்தடைக்கும் இடையில் வைத்தால், 2.5 மில்லியாம்பியரில் அரை வோல்ட் மட்டுமே செலவாகும், 100 ஹெர்ட்ஸ் அலைவோ ஏறத்தாழ 65-இல் ஒரு பங்காகச் சுருங்கும்.